இருநூறு வருஷச் செருப்புக்கு ஒரு பாயில் டெஸ்ட்

1. ஆளுக்கொரு அர்த்தம்

ஆம்பூர் பக்கத்தில் ஒரு தோல் தொழிற்சாலையில் நான் லேப் இன்சார்ஜ். ஆண்டு விழாவுக்குப் பழைய தோல் பொருள்களைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்தோம். ஃபினிஷிங் பிரிவு செல்வி அக்கா, வீட்டுப் பரணில் இருந்த ஒற்றைச் செருப்பைக் கொண்டுவந்தார்.

"யாருதுன்னு தெரியாது மேடம். எங்க அப்பா பத்திரமா வெச்சிருந்தாரு. விழா முடிஞ்சதும் குடுத்துடணும்."

விழாவில் பேச இரண்டு எழுத்தாளர்களை அழைத்திருந்தோம்; ஒருவர் ஆன்மிக வரலாறு எழுதுபவர், மற்றவர் அரசியல் வரலாறு. இருவரும் அந்தப் பெட்டி முன்னால் நின்றுவிட்டார்கள்.

ஆன்மிக எழுத்தாளர்: "இருநூறு வருஷப் பாதுகை. இந்த வழியா நடந்த துறவியோடது. எங்க மடத்துல இருக்கணும்."

அரசியல் எழுத்தாளர்: "இருநூறு வருஷம், ஒத்துக்கிறேன். ஆனா செருப்பு போடக் கூடாதுன்னு தடுத்த காலத்துல துணிஞ்சு போட்டவனோடது. எங்க இயக்க ஆபீசுக்குத் தாங்க."

முதலாளி குழம்பினார். "சீட்டு குலுக்கிப் போட்டுடலாமா?"

செல்வி அக்காவின் முகம் சுண்டிப்போனது. "இன்னா மேடம் இது, என்னைக் கேக்கவே இல்ல?"

2. கொதிக்கும் தண்ணீர்

இருவரும் ஒத்துப்போன ஒரே விஷயம் வயது. அதைச் சோதிக்கலாமே என்று தோன்றியதும் என்னால் உட்கார முடியவில்லை. அந்தக் காலத்தில் மரப்பட்டையில்தான் பதனிட்டார்கள். அந்தத் தோல் கொதிநீரில் சுருண்டுவிடும். குரோம் உப்பில் பதனிட்ட தோல் தாங்கும். குரோம் முறை நம் பக்கம் வந்து நூறு வருஷத்துக்குச் சற்று மேல்தான் ஆகிறது.

வாரை மாற்றித் தைத்த அடையாளம் எதுவும் இல்லை என்று முதலில் உறுதி செய்துகொண்டேன். பிறகு, ஒரு துணுக்கு வெட்டிச் சோதிக்கலாமா என்று அக்காவிடம் கேட்டேன்.

"சுருண்டுச்சுன்னா?"

"அவங்க சொல்ற வயசு சரியா இருக்கலாம்."

அக்கா யோசித்தார். "வெட்டு மேடம். கொஞ்சமா."

வாரின் நுனியில் ஒரு துணுக்கு. பக்கத்தில் ஆவாரம்பட்டையில் பதனிட்ட ஒரு துணுக்கு. கொதிக்கும் தண்ணீரில் இரண்டையும் போட்டேன்; லேபில் இதற்கு பாயில் டெஸ்ட் என்று பெயர். எல்லாத் தலைகளும் பீக்கர் மேல் கவிழ்ந்தன. ஆவாரம்பட்டைத் தோல் உடனே சுருண்டது. செருப்புத் தோல் போட்டபடியே கிடந்தது.

"குரோம்!" என்று கத்தியே விட்டேன்.

3. அதன் பிறகு

"அருள் காலத்துக்குக் கட்டுப்படாது" என்றார் ஆன்மிக எழுத்தாளர்.

"தோல் கட்டுப்படுதே சார்" என்று மற்றவர் சிரித்தார். "என் பேச்சுலயும் ரெண்டு பத்தி போச்சு."

"அப்போ யாருக்கும் வேணாமா?" என்றார் முதலாளி.

"எனக்கு வேணும் சார்!" அக்கா தானே பெட்டியைத் திறந்து செருப்பை எடுத்துக்கொண்டார். என்னிடம் மெதுவாகக் கேட்டார்: "அப்போ இது எங்க அப்பா போட்டதாவே இருக்கலாமில்ல?"

ஆமாம் என்று சொல்ல ஆசையாக இருந்தது.

"இருக்கலாம் அக்கா. ஆனா இந்த டெஸ்ட் அதைச் சொல்லாது."

"அது போதும் மேடம்."

லேபுக்குப் புதிதாக வருபவர்களுக்கு இதைத்தான் சொல்கிறேன்: பழைய பொருளுக்கு யார் வேண்டுமானாலும் அர்த்தம் சொல்லட்டும். நாம் சோதித்தது எதுவரை என்பதை மட்டும் உரக்கச் சொல்லிவிடுங்கள், நமக்குப் பிடித்தவர்களிடமும்.