சாம்பல் அள்ளாத அடுப்பு

குழிக்குள் இறங்கியதும் ராக்கு அக்கா முதலில் மண்ணைக் கிள்ளுவார். இரண்டு விரலால் தேய்த்து, நாக்கு நுனியில் வைத்துப் பார்த்துத் துப்புவார். "நேத்தெடுத்தது உப்பு. இது சப்புன்னு இருக்கு. வேற மண்ணு." அவர் சொன்ன இடத்தில் ஈரத்துணியால் ஒற்றிப் பார்த்தால், மண்ணின் நிறம் மாறும் கோடு அங்கேதான் ஓடும்.

ராமநாதபுரத்தில் ஒரு பழைய தானியக் கிடங்கை இடித்த இடம் அது. கடை வளாகத்துக்கு அஸ்திவாரம் எடுத்தபோது பானை ஓடுகள் வந்ததால், கான்கிரீட் கொட்டும் முன் தோண்டிப் பார்க்கத் தொல்லியல் துறையினரான எங்களுக்கு இருபது நாள் கொடுத்திருந்தார்கள். சிமெண்டுத் தளத்துக்குக் கீழே சுண்ணாம்பும் செங்கல் உடைசலும். அதன் கீழே சிப்பி கலந்த கடல்மணல். ஆறடியில் ஒரு வீட்டின் களிமண் தரை. அந்தக் குழிக்கு நான் பொறுப்பு. எங்கள் குடும்பத்தில் முதலில் பட்டம் வாங்கியவள் நான். ராக்கு அக்கா முதுகுளத்தூர்ப் பக்கமிருந்து முதல் பஸ்ஸில் வந்து, எனக்கு முன்பே குழியில் இருப்பார்.

வயது நாற்பத்தைந்து இருக்கும். மழைக்குப் பின் மிளகாய்க் காட்டில் களையெடுப்பு, கோடையில் விறகை மூடி எரித்துக் கரியாக்கும் கரிமூட்டம். உள்ளங்கை ரேகைகளில் கரி நிரந்தரமாகத் தங்கிவிட்டது. செருப்பை மேலேயே விட்டுவிட்டுத்தான் இறங்குவார். "அடுத்தவுக வீட்டுக்குள்ள செருப்போடயா போவாக?" மண்வெட்டி பிடிக்கும் தவசி, அவர் ஊர்க்காரர், சீண்டுவார்: "போங்கக்கா, உள்ள காப்பித்தண்ணி போட்டு வச்சிருக்காக." "ஒனக்கும் வாங்கியாரேன், பேசாம மண்ண வெட்டிச் சட்டியில போடுலே."

பதினாறாம் நாள் மாலை, அந்தத் தரையின் மூலையில் மூன்று கல் அடுப்பு தெரிந்தது. உள்ளே சாம்பல், சாம்பலுக்குள் கரித்துண்டுகள். அந்த வீடு எந்தக் காலத்தது என்று உறுதியாகச் சொல்ல எங்களுக்குக் கிடைத்தவை அவை மட்டும்தான். படம் எடுக்க வெளிச்சம் போதாததால் சாக்கைப் போட்டு மூடிவிட்டுப் போனேன்.

காலையில் வந்தபோது அடுப்பு பளிச்சென்றிருந்தது. ராக்கு அக்கா சாம்பலை அள்ளி, தண்ணீர் தெளித்து, கற்களைத் துடைத்திருந்தார். அள்ளியது மண்மேட்டில் மற்ற மண்ணோடு கலந்து கிடந்தது.

"சாம்பல் அள்ளாம அடுப்பு கெடக்குன்னா, அந்தப் பொம்பள மறுநா எந்திரிக்கலன்னுதான மேடம்? பாத்துட்டுச் சும்மா இருக்க முடியல."

ஆய்வின் தலைமை அதிகாரி சேதுராமன் சார் வந்து, "யாரு அள்ளுனது?" என்றார்.

"நாந்தேன்."

"இனிமே இந்தம்மா சட்டி மட்டும் தூக்கட்டும்."

நாட்குறிப்பில் 'தொழிலாளியின் கவனக்குறைவு' என்று எழுதினேன். பிறகு அந்த வரியை அடித்துவிட்டேன். கரி எதற்கு என்று நான் ராக்கு அக்காவிடம் சொல்லவே இல்லை. புரியாது என்று நினைத்தேனா? என் அம்மாவும் களையெடுப்பவள்தான். நான் என்ன படித்தேன் என்று அவளுக்கும் இதுவரை சொன்னதில்லை. அன்று மதியம் ராக்கு அக்காவிடம் சொன்னேன்: எரிந்த மரத்திலிருந்து அது எப்போது எரிந்தது என்று கண்டுபிடிக்கலாம், வேறு மண்ணோடு கலந்து எந்த அடுப்புக் கரி என்று தெரியாமல் போனால் முடியாது.

அவர் சாப்பாட்டுத் தூக்கை மூடி வைத்தார். "அப்ப, அவ எப்ப இருந்தான்னே தெரியாமப் போயிருமா?"

அதன்பின் சட்டியோடு போகும்போதெல்லாம் அந்த மூலையில் நின்று பார்ப்பார். பத்தொன்பதாம் நாள் சட்டியை இறக்கி வைத்தார்.

"மேடம், இதுக்கும் கீழ பாருங்க. ஒரு வீடு விழுந்தா அது மேலதான இன்னொண்ணு கட்டுவாக. இங்கன காத்து அதே பக்கந்தான் அடிக்கும். அடுப்ப எங்குட்டு மாத்துவா?"

நேரமில்லை என்றார் சேதுராமன் சார். பிறகு அந்த மூலையைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "சாயங்காலம் வரைக்கும்" என்றார். அடுப்பைப் படம் எடுத்து, வரைந்து, கற்களை அகற்றினோம். மண் சுரண்டும் சிறு கரண்டியை நான் ராக்கு அக்காவிடம் நீட்டினேன். சேதுராமன் சார் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஒரு சாண் ஆழத்தில் இன்னொரு தரை வந்தது. நாலு மணிக்கு, மேலடுப்பிலிருந்து ஒரு கை தள்ளி, கருத்த கல் ஒன்று தலைகாட்டியது. பிறகு இன்னும் இரண்டு. தவசி மண்வெட்டியைச் சாய்த்துவிட்டு எட்டிப் பார்த்தார். உள்ளே சாம்பல், விளிம்புவரை. இதன் காலம் தெரிந்தால், மேலே இருந்தவள் இதற்குப் பிந்தியவள் என்றாவது எழுதலாம்.

"இவளும் அள்ளலயே" என்றார் ராக்கு அக்கா, மெதுவாக.

கரண்டியை என் பக்கம் தள்ளினார். அலுமினியத் தாளைப் பிரித்து நான் கரித்துண்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து முடிக்கும்வரை அங்கேயே குத்தவைத்திருந்தார், இரண்டு கைகளையும் முந்தானைக்குள் இறுகச் சுருட்டிக்கொண்டு.