அவள் வாயால் ஒரு வார்த்தை

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை முடித்துக்கொண்டு, கருக்கரிவாளோடு கூலிக்குப் போனவன் நான். இன்றைக்குக் கீழ்வேளூர் சுற்று வட்டாரத்தில் என் அறுவடை மிஷின் இறங்காத வயலைத் தேடித்தான் காட்ட வேண்டும். பேங்கில் நுழைந்தால் மேனேஜர் நாற்காலி போடுவார். அப்படிப்பட்டவன் போன தை மாதம் முழுக்கத் தஞ்சாவூர் பெரிய ஆஸ்பத்திரியில், பெண்கள் வார்டுக்கு வெளியே செருப்பைத் தலைக்கு வைத்துப் படுத்துக் கிடந்தேன்.

என் மனைவிக்கு இதயத்தில் ஒரு வால்வு சுருங்கிவிட்டது. படுத்தால் மூச்சு முட்டியது. ஆபரேஷன் செய்து அதை மாற்றாவிட்டால் ரொம்ப நாள் தாங்காது என்றார் பெரிய டாக்டர். நான் நின்ற இடத்திலேயே சரி என்றேன்.

“நீங்க சொன்னா போதுமா? அவங்க வாயால சொல்லணும்.”

அவள் மாட்டேன் என்றாள். காரணம் கேட்டுப் பார்த்தேன். திட்டிப் பார்த்தேன், கெஞ்சிப் பார்த்தேன். சிங்கப்பூரிலிருந்து மகன் போனில் அழுதான். அவள் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். இதற்கிடையில் மிஷின் டிரைவர்கள் வேறு, பெல்ட் அறுந்துவிட்டது, மேகம் கட்டுகிறது என்று ஓயாமல் கூப்பிட்டார்கள்.

டாக்டர் படிப்புப் பிள்ளைகள் பழகும் ஆஸ்பத்திரி அது. அவள் நெஞ்சில் கேட்கும் சத்தம் பாடத்துக்கு நல்ல சத்தமாம். காலையானால் கூட்டமாக வந்து, ஒருவர் மாற்றி ஒருவர் குழாயை வைத்துக் கேட்பார்கள். ஊர் என்ன, வேலை என்ன என்பார்கள். நான்தான் சொல்வேன்: “சொந்த நிலம் தம்பி, மூணு மிஷின் ஓடுது, எல்லாம் இந்தக் கையால சம்பாரிச்சது.” என் கதை எனக்கே அலுத்துப்போனது அங்கேதான்.

ஒரு நாள் மதியம் ஒரு மாணவி தனியாக வந்து ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். பரீட்சை வருகிறதாம். வழக்கம்போல நான் ஆரம்பித்தேன்.

“ஐயா, அம்மாவே சொல்லட்டும். அவங்க சொல்ற வார்த்தையிலதான் எழுதணும். இல்லன்னா சார் திட்டுவாரு.”

“எனக்குத் தெரியாதது அவளுக்கு என்ன தெரியப்போவுது?”

“தெரியும். நீங்க கொஞ்சம் சும்மா இருங்க” என்றாள் கட்டிலில் இருந்தவள்.

எத்தனை தலையணை வைத்துப் படுப்பாள், கால் எப்போதிலிருந்து வீங்குகிறது, சின்ன வயதில் காய்ச்சலோடு மூட்டு வலித்ததா என்று அந்தப் பெண் ஒவ்வொன்றாகக் கேட்டாள். வயதுக்கு வருமுன்னே முட்டி வீங்கி ஒரு நடவுக் காலம் முழுக்கப் படுத்துக் கிடந்தாளாம். இத்தனை வருஷத்தில் எனக்கு அது தெரியாது.

“ஆபரேஷன்னா பயமாம்மா?”

“பயமெல்லாம் இல்ல பாப்பா. இவருக்குக் கண்ணு ஆபரேஷன் ஆனப்ப ஊரு பூரா ஒலிபரப்பிட்டாரு. பொழுது விடிஞ்சா ஹார்லிக்ஸ் பாட்டிலோட ஆளுங்க. அத்தனை பேருக்கும் நான்தான் காப்பி ஆத்துனேன். இப்ப என் நெஞ்சக் கிழிச்சா சும்மா இருப்பாரா? டீக்கடையில நின்னு, இங்கேருந்து இது வரைக்கும் தையலுன்னு கையால அளந்து காட்டுவாரு. ஆம்பளைங்க கூடி நின்னு என் நெஞ்சப் பத்திப் பேசுறதுக்கு நான் இப்படியே போயிடுறேன்.”

பக்கத்துக் கட்டில் அம்மாள் சிரித்தார். “எங்க வீட்லயும் ஒரு ரேடியோ இருக்கு தாயி.”

எனக்குச் சுருக்கென்றது. “பெருமையாத்தானடி சொல்லுவேன்.”

“பெருமை உங்களுக்கு. நெஞ்சு என்னுது.”

அந்தப் பெண் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தாள்.

“சரி, யார்கிட்டயும் சொல்லல” என்றேன்.

“நான் எழுந்து நடமாடுற வரைக்கும்?”

“உம்மேல சத்தியம்.”

“எம்மேல வேணாம். மிஷின் மேல பண்ணுங்க.”

பண்ணினேன். இப்போது அவள் கடைத்தெரு வரை நடக்கிறாள், அதனால்தான் எழுதுகிறேன்.

“சரின்னு சொல்லிட்டேன்னு உங்க சாருகிட்டப் போயிச் சொல்லு பாப்பா” என்றாள் அப்போதே அந்த மாணவியிடம்.

ஆபரேஷன் அன்று வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். ஊரில் சொந்தக்காரர்களிடம் மட்டும் செக்கப் என்று சொல்லியிருந்தோம். பக்கத்து வயல்காரர் போன் செய்தார்.

“எங்கண்ணே, ஆளையே காணும்?”

“தஞ்சாவூர்ல ஒரு வேலை.”

“என்ன வேலை?”

தொண்டை வரை வந்தது. “சும்மாதான்” என்றேன்.

பொழுது சாயும்போது கதவைத் திறந்து, நல்லபடியாக முடிந்தது என்றார்கள். கை தானாகச் சட்டைப் பையிலிருந்த போனுக்குப் போனது. எடுத்து அதை அணைத்துவிட்டு, அந்தப் பெஞ்சிலேயே சாய்ந்து தூங்கிப்போனேன்.