ஐஸ் பெட்டியில் வந்த சதை

எங்கள் லேபுக்குப் புது மிஷின் வந்த வாரம் எனக்குக் கால் தரையில் பாவவில்லை. நோயாளியிடமிருந்து எடுத்த சதையில் உள்ள தண்ணீரை நீக்கி மெழுகை ஏற்றினால்தான் அதை மெல்லிசாகச் சீவிக் கண்ணாடியில் ஒட்ட முடியும். பழைய மிஷினுக்கு அதற்கு ஒரு ராத்திரி முழுக்க வேண்டும். இதற்குக் கொஞ்ச நேரம் போதுமாம்! நாகர்கோவிலில் பாதிப் பேரிடமாவது இதைச் சொல்லியிருப்பேன்.

முதல் சாம்பிள் கடியப்பட்டணத்திலிருந்து வந்தது. மீன் விற்கும் அக்கா ஒருத்தி, தன் மார்புக் கட்டியிலிருந்து முந்தின நாள் ஊசியால் எடுத்த சதையைக் காலையிலேயே தானே கொண்டுவந்திருந்தாள். தெர்மகோல் பெட்டியைத் திறந்தால், பொடித்த ஐஸுக்குள் கழுத்துவரை புதைந்து கிடக்கிறது பாட்டில்!

“யக்கா, இது என்ன சாளை மீனா? ஐஸ்ல ஏன் வச்சிய?” என்று கத்திவிட்டேன்.

“ராத்திரி முழுக்க வெளிய வச்சா கெட்டுப்போவும்லா மக்ளே?”

கெடாமலிருக்கத்தான் பாட்டிலில் ஃபார்மலின் ஊற்றியிருக்கிறது. குளிரில் அது சதைக்குள் ஒழுங்காக ஊறாது. ஊறாததை மிஷினில் போட்டால் எல்லாம் பாழ். “ரிசல்ட் நாளைக்குத்தான்,” என்றேன் கடுகடுவென்று.

அவள் முகம் செத்துவிட்டது. “இன்னைக்கு அந்திக்கு எங்க வீட்டுக்காரரு ஆழ்கடலுக்குப் போறாவ. திரும்பி வர மாசம் ஆவும். அவியகிட்ட இன்னும் சொல்லல்ல. கெட்டதுன்னா சொல்லி நிறுத்தணும். ஒண்ணுமில்லன்னா அந்த மனுசன் எதுக்கு நடுக்கடல்ல கெடந்து உருகணும்?”

என் கோபம் போன இடம் தெரியவில்லை. எங்கள் லேப் டாக்டரம்மாவிடம் ஓடினேன். “சதை நூல் கனம்தானே இருக்கு. ஃபார்மலின இளஞ்சூட்டுல வச்சு நல்லா ஊற விடு. பெறவு மிஷின்ல போடு,” என்றார்.

எனக்குச் சோறு இறங்கவில்லை. மிஷின் மணியடித்ததும் பாய்ந்தேன். மெழுகில் பதித்து, சீவி, சாயம் ஏற்றினால், அடடா, ஒரு கிழிசல் இல்லை! துள்ளிக் குதிக்கலாம் போலிருந்தது. ஆனால் மைக்ராஸ்கோப்பில் குனிந்த டாக்டரம்மா நிமிரவேயில்லை.

கடைசியில் அவரே வெளியே போய் அக்காவின் கையைப் பிடித்தார். “சாதாரணக் கட்டிதான். புற்றுநோய் இல்ல.”

“மாதாவே!” என்று சுவரில் சாய்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதாள். நானும் அழுதேன், அதிலென்ன வெட்கம்! பிறகு அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்து, தொண்டையைச் செருமிக்கொண்டு, வீட்டுக்காரருக்குப் போன் போட்டாள்.

“கெளம்பியாச்சா? ஒண்ணுமில்ல, சும்மாதான் விளிச்சேன். போர்வ எடுத்தியளா?”