‘களயட்டே’ என்றார் கடைக்காரர்

மதுரையிலிருந்து கொச்சி மட்டாஞ்சேரிக்குக் குடிவந்தவள் நான். மாடியில் இருக்கும் என் ஓரகத்தியின் லேப்டாப் நொடியில் ஆன் ஆகும். என்னுடையது ஆன் ஆவதற்குள் சாயா ஆறிவிடும். "ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலா வேகமான எஸ்எஸ்டி போட்டேன்க்கா" என்று அவள் சிரித்தபோது வயிறு எரிந்தது. எனக்கும் ஒன்று போட மறுநாளே லேப்டாப் கடைக்குப் போனேன்.

கடைக்காரர் பின்மூடியைத் திறந்து, பழைய ஹார்ட் டிஸ்க்கைக் காட்டி, "இது களயட்டே சேச்சீ?" என்றார். கழற்றட்டுமா என்கிறார் என நினைத்துத் தலையாட்டினேன்.

வீட்டில் லேப்டாப்பைத் திறந்து பார்த்தால் மகளின் படம் ஒன்றுகூட இல்லை. பழைய டிஸ்க்கைக் கேட்டு வாங்கக் கடைக்குப் பதறி ஓடினேன். மலையாளத்தில் ‘களயட்டே’ என்றால் தூக்கிப்போடட்டுமா என்று அர்த்தமாம். நல்லவேளை, டிஸ்க் குப்பைக்கூடையிலேயே கிடந்தது.

இப்போதெல்லாம் தெரிந்த சொல்லாகத் தோன்றினாலும் அர்த்தம் கேட்ட பிறகே தலையாட்டுகிறேன். என் லேப்டாப்பும் நொடியில் ஆன் ஆகிறது. ஓரகத்திதான் போன வாரம் புதிதாகவே ஒன்று வாங்கிவிட்டாள்.