புகையான் எண்ணிய நாள்

எங்கள் சம்பா வயலில் புகையான் விழுந்த வருஷம், பக்கத்து வயல்களுக்கு மருந்தடிக்க ஒரு நாள் ட்ரோன் வரச் சொல்லியிருந்தார்கள். எங்களுக்கும் வேண்டுமா என்று அன்று மதியத்துக்குள் சொல்லிவிட வேண்டும். புகையான் எள் அளவுப் பழுப்புப் பூச்சி. தண்ணீருக்குச் சற்று மேலே, அடித்தண்டில் உட்கார்ந்து சாற்றை உறிஞ்சும். மேலே பார்த்தால் பச்சையாகத்தான் இருக்கும். திடீரென்று ஒரு நாள் வட்டமாகத் தீய்ந்து நிற்கும். எங்களுடையது குத்தகை நிலம். அந்த விளைச்சலை நம்பித்தான் நாங்கள் இரண்டு பேரும் இருந்தோம்.

"அடிச்சிருவோம், வேற வழியில்ல" என்றார் என் வீட்டுக்காரர்.

அதற்கு முந்தைய வருஷம் அப்படித்தான் அடித்தோம். பூச்சியைத் தின்கிற சிலந்தியும் சேர்ந்து செத்தது. கொஞ்ச நாளில் புகையான் முன்னைவிட அதிகமாகத் திரும்பி வந்தது. அது என் மனதில் ஓடியது, வாய்க்கு வரவில்லை. நாலு பேர் நிற்கிற இடத்தில் எனக்குப் பேச்சு எழும்பாது.

விவசாயக் கல்லூரியில் படிக்கும் பெண் ஒருத்தி அந்தப் போகம் முழுக்க எங்கள் வயலுக்கு வந்துபோனாள். அவளுக்கு ஊர் குடவாசல் பக்கம். அவள் அம்மாவும் என்னைப்போல் நடவுக்குப் போனவர்தான். வயலில் பூச்சி எவ்வளவு இருக்கிறது என்று கணக்கெடுப்பதுதான் அவள் படிப்பு. அன்றைக்கும் வந்திருந்தாள்.

"எல்லாத்தையும் எண்ண முடியாதும்மா. எந்த எடத்துல எண்ணணும்னு நாமளா முடிவு பண்ணவும் கூடாது. நம்ம கண்ணு காஞ்ச எடத்துக்கேதான் போகும்" என்றாள்.

அதனால் அவள் போன் ஏதோ இரண்டு எண் காட்டும், வரப்போரமாக எத்தனை அடி, உள்ளே எத்தனை அடி என்று. அத்தனை அடி நடந்து, அங்கே கொத்தாக நிற்கிற ஒரு நெற்குத்தின் அடியைத் தட்டுவாள். தண்ணீரில் விழுகிற பூச்சியை நாங்கள் இருவரும் குனிந்து எண்ணுவோம்.

"ஏம் பாப்பா, சீட்டுக் குலுக்கியா பூச்சி புடிக்கிற?" என்றார் என் வீட்டுக்காரர்.

"நான் எங்க புடிக்கிறேம்பா? புடிக்கிறது உங்க வயல் சிலந்தி. நான் வெறும் கணக்குப்பிள்ளை."

எண்ணி முடித்தோம். எல்லா இடத்திலும் கொஞ்சம்தான். மருந்து தேவைப்படாது என்று எனக்கு நிம்மதியாக இருந்தது. ஆனால் வரப்பில் உட்கார்ந்து போனைப் பார்த்தவள் முகம் சுருங்கியது.

"எல்லாம் ஒரே மாதிரி வருதும்மா. புகையான் இப்படிச் சீராப் பரவாது. கூட்டமா இருக்கும். ஒரு குத்துல ஒண்ணுமே இருக்காது, தள்ளி ஒரு எடத்துல கொட்டிக் கெடக்கும். இவ்வளவு ஒழுங்கா வந்தா நாமதான் எங்கயோ தப்பா எண்ணியிருக்கோம்."

பிறகு வயலைப் பார்த்தாள். எங்கள் காலடித் தடம் முழுக்கப் பட்டத்திலேயே கிடந்தது. பட்டம் என்றால், காற்று போகவும் ஆள் நடக்கவும் நடவின்போது விடுகிற சந்து. பயிர் சூல் பிடித்திருந்த நேரம். அப்போது உள்ளே மிதிக்க எங்கள் பக்கத்தில் யாருக்கும் கால் வராது. போன் உள்ளே போகச் சொன்னபோதும் சந்தில் நின்றபடியே கைக்கு எட்டிய குத்தைத் தட்டியிருக்கிறோம். நான் தடுக்கவில்லை, அவளும் யோசிக்கவில்லை. வெளிச்சமும் காற்றும் படுகிற ஓரத்தில் புகையான் தங்காது.

"முன்நெத்தி முடிய வெலக்கிப் பாத்துட்டுத் தலையில பேனே இல்லன்னு சொன்ன கதையாயிடுச்சு" என்று தலையில் அடித்துக்கொண்டாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

இரண்டு பேரும் புடவையையும் சுடிதாரையும் தூக்கிச் செருகிக்கொண்டு உள்ளே இறங்கினோம். புள்ளத்தாச்சியை இடித்துவிடாமல் போகிற மாதிரி ஒவ்வொரு அடியையும் ஒதுங்கி ஒதுங்கி வைத்தேன். நடுவில் தண்ணீர் தேங்குகிற பள்ளத்தில் குத்தைத் தட்டியதும் தண்ணீரே தெரியவில்லை. அவ்வளவு பூச்சி. பள்ளத்தை விட்டு வெளியே வந்தால் குறைந்தது, சிலந்தி நிறைய ஓடியது.

"பள்ளத்துக்கு மட்டும் மருந்து வேணும், தண்ணியையும் வடிக்கணும். மத்த எடத்துக்கு வேணாம்னுதான் கணக்கு சொல்லுது" என்றவள், "ஆனா தப்பாவும் போகலாம்பா. கொஞ்ச எடந்தான் எண்ணியிருக்கோம்" என்றாள்.

"என்ன படிச்ச பொண்ணு நீ, இதா அதான்னு சொல்லாம" என்றார் அவர்.

எனக்கோ அந்தப் பேச்சுதான் பிடித்தது. நான் பார்த்த படித்தவர்கள் எல்லாம் உறுதியாகச் சொல்வார்கள். ஐந்தாவதோடு நின்ற நான் கணக்கென்றால் ஒரே விடைதான் என்று நினைத்திருந்தேன். இந்தப் பெண் தனக்கு எவ்வளவு தெரியாது என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொண்டாள்.

ட்ரோன் சத்தம் பக்கத்து வயலில் கேட்டது. அவர் என் பக்கம் திரும்பி, "நீ என்ன சொல்ற?" என்றார். இப்படிக் கேட்டால் எப்போதும் "நீங்களே பாத்துக்கங்க" என்றுதான் சொல்வேன்.

"பள்ளத்துக்கு மட்டும் கைத்தெளிப்பான்ல அடிங்க. மத்தது இருக்கட்டும்" என்றேன். குரல் எனக்கே கேட்டிருக்காது. அவருக்குக் கேட்டது. வரப்போரம் போய்க் கையை ஆட்டி ட்ரோன்காரரைத் திருப்பி அனுப்பினார்.

அறுப்பில், கைத்தெளிப்பு எட்டாத பள்ளத்து ஓரத்தில் இரண்டு பாய் விரிக்கிற இடம் பதராய்ப் போயிருந்தது. மற்றதெல்லாம் நெல்லாகக் களத்துக்கு வந்து சேர்ந்தது.

"அன்னிக்கு முழுக்க அடிச்சிருந்தா அந்த எடமும் தப்பிச்சிருக்கும்" என்றார் அவர்.

இருக்கலாம். முழுக்கவே போயிருக்கவும் கூடும். நடக்காததை எந்தக் குத்தைத் தட்டி எண்ணுவது? நான் நெல்லைக் கூட்டிக் குவித்துக்கொண்டிருந்தேன்.