துண்டு போட்ட இடம்

எங்கள் பள்ளிக்கூடத்துக் கணக்கு வாத்தியார் ஒல்லியான மனிதர். சிரிக்கும்போதும் புருவம் சுருங்கியே இருக்கும். பஸ் வந்து நின்றதும் ஜன்னல் வழியே துண்டை வீசி, பக்கத்து இடத்தையும் சேர்த்துப் பிடித்துவிடுவார். மனைவி இறந்த பிறகும் அது நிற்கவில்லை. "அவளுக்குப் போட்டுப் போட்டுப் பழகிடுச்சு டீச்சர்" என்று ஒருமுறை என்னிடம் சொன்னார்.

அந்தக் கோடை விடுமுறையில் அவரும் அவருடைய சின்ன மகளும் நானும் மலைக்கோட்டை, முக்கொம்பு என்று சுற்றினோம். ஊருக்கு நாங்கள் சிநேகிதர்கள். ஆசையை மறைக்க நான் குழந்தையின் கையையே பிடித்துக்கொண்டு நடப்பேன்.

விடுமுறையின் கடைசி நாள், ஸ்ரீரங்கம் திரும்பும் பஸ்ஸில் நல்ல கூட்டம். மகள் அவர் மடியில் இருந்தாள், பக்கத்தில் துண்டு. "இங்க ஆள் வருதா?" என்று ஒருவர் கேட்டார்.

"இருக்காங்க" என்று சொல்லிவிட்டு வாத்தியார் என்னைப் பார்த்தார்.

இறந்தவளின் இடம் என்று நினைத்து, நான் கம்பியைப் பிடித்தபடி நின்றே வந்தேன்.

இறங்கியதும் குழந்தை கேட்டாள்: "ஏன் டீச்சர் உக்காரல? உங்களுக்குன்னு சொல்லித்தான் அப்பா துண்டு போட்டாரு."

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு முன்னால் நடந்தார். அதன்பின் அவர் எந்த பஸ்ஸிலும் இடம் பிடித்து நான் பார்க்கவில்லை.

இன்றும் காலி இருக்கையில் துண்டைக் கண்டால் நின்றுகொண்டேதான் போகிறேன். பஸ் குலுங்கும்போது, அங்கே ஒருத்தி எனக்காக நகர்ந்து இடம் விடுவதுபோல் இருக்கும்.