பரமண்டல ஜெபத்தில் ஓர் இருமல்

பரமண்டல ஜெபத்தில் நான் பல வருஷம் இருமியிருக்கிறேன். எல்லா இடத்திலும் அல்ல. நமக்குத் தீங்கு செய்தவர்களை நாம் மன்னித்துவிட்டதாகக் கடவுளிடம் ஒப்புக்கொள்கிற அந்த ஒரு வரியில் மட்டும். மற்ற வரிகளை ராஜபாளையத்துத் தேவாலயமே அதிரும்படி சொல்வேன். கடவுளிடம் பொய் சொல்லக் கூடாது என்கிற நல்லொழுக்கம்தான் காரணம்.

நான் மன்னிக்காதவன் என் அண்ணன். ஸ்ரீவில்லிபுத்தூரில் அவன் வீட்டில் அம்மா இறந்தபோது எனக்குச் சேதி சொல்ல ஆள் வரவில்லை. ஏழு மைல் தள்ளி நான் இட்லி தின்றுகொண்டிருந்தேன். மறுநாள் சந்தையில் ஒருவர் துக்கம் விசாரித்துத்தான் எனக்கே தெரியும். அதற்குள் அடக்கம் முடிந்துவிட்டது. அண்ணனிடம் கேட்டால், "ஆள் அனுப்பினேன்லே, நீதான் வீட்டுல இல்ல" என்றான். அன்றோடு பேச்சு நின்றது. அவன் வீட்டில் கை நனைப்பதும் நின்றது.

என் மனைவி இருமலை நம்பி ஆடாதோடைக் கஷாயம் போட்டுக் கொடுத்தாள். குடித்தேன். உண்மையைச் சொல்வதைவிட அதில் கசப்புக் குறைவு.

யுத்த காலத்தில் மம்சாபுரத்திலிருந்து புருஷன், பெண்டாட்டி, புருஷனின் தம்பி என்று மூன்று பேர் புதிதாக ஆராதனைக்கு வந்தார்கள். எனக்குப் பின்னால்தான் நிற்பார்கள். எழுத்து வாசனை இல்லாததால் ஜெபத்தைக் காதால் கேட்டே பாடம் செய்தார்கள். ஞானஸ்நானத்தன்று எங்கள் போதகரான ஐயர் அவர்களை முன்னால் நிறுத்தி ஜெபத்தைச் சொல்லச் சொன்னார். கணீரென்று சொன்னார்கள். அந்த வரி வந்தது. மூன்று பேரும் ஒன்றாக, வாயைக் கையால் பொத்தி, பயபக்தியோடு இருமினார்கள். பிறகு அடுத்த வரிக்குப் போனார்கள்.

ஐயர் திகைத்துப்போனார். "ஏம்ப்பா, மூணு பேருக்கும் தடுமமா?"

"இல்லையே ஐயா! அந்த எடத்துல இருமணும்லா? எங்களுக்கு முன்னால நிக்கிற அவிய அப்படித்தான சொல்லுதாவ? எம்புட்டுக் கஷ்டப்பட்டுப் பழகுனோம்! எந்தம்பிக்கு இருமலே வரமாட்டேன்னுட்டு."

சபை முழுவதும் என் பக்கம் திரும்பியது. என் மனைவியின் பார்வையில் இத்தனை நாள் கஷாயமும் மறுபடி கொதித்தது.

எல்லோரும் சிரித்தார்கள். என் வன்மம் எனக்குள் பத்திரமாக இருப்பதாக நினைத்திருந்தேன். அது மம்சாபுரம்வரை போய் ஜெபமாகியிருந்தது! ஆசீர்வாதம் முடிவதற்குள் ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸுக்கு ஓடினேன். காலில் கிடந்த செருப்பில் ஒன்று என்னுடையது.

பெட்ரோல் தட்டுப்பாட்டால் அடுப்புக்கரியை எரித்து ஓடிய கரிவாயு பஸ் பாதி வழியில் நின்றது. இறங்கித் தள்ளினோம். மற்றவர்கள் முணுமுணுத்தார்கள், நான் கல்யாணத்துக்குப் போகிறவன் மாதிரி தள்ளினேன்.

"ஓய், பஸ்ஸ விட்டுட்டு நீரு முன்னால போயிருவீரு போலயே!" என்றான் கண்டக்டர்.

அண்ணன் வாசலில் நின்றிருந்தான். கரி அப்பிய என் முகத்தைப் பார்த்து, "ஏலே, எங்க தீப்புடிச்சுது?" என்றான்.

வழியெல்லாம் ஒரு பேச்சு தயாரித்திருந்தேன். பெருந்தன்மை ததும்பும் பேச்சு. வாயில் வந்தது இவ்வளவுதான்: "உன்னய மன்னிச்சுட்டேண்ணே. ஆள் வந்தானோ வரலியோ, போவுது."

அவன் முகம் கோணியது. "வரலைலே. நான் அனுப்பவே இல்ல. அழுதுட்டே கெடந்தேனா, வேற யாரோ அனுப்பிட்டாகன்னு இருந்துட்டேன். நீ வந்து கத்துனதும் பயத்துல அப்படிச் சொல்லிட்டேன். பொறவு எப்படிலே மாத்திச் சொல்ல?"

கொடுத்த மன்னிப்பைத் திரும்ப வாங்க முடியுமா என்று ஒரு கணம் யோசித்தேன். ஆனால் அம்மா போன அன்று அவனும் அழுதிருப்பான் என்பது எனக்கு அதுவரை தோன்றவே இல்லை.

"மதினி, சோறு இருக்கா?" என்று உள்ளே பார்த்துக் கத்தினேன்.

உள்ளே ஏதோ பாத்திரம் விழுந்து உருண்டது. "இருக்கு, இருக்கு! செத்த நேரம் இருங்க, முட்ட பொரிக்கேன்!"

கை கழுவ அண்ணனே தண்ணீர் ஊற்றினான். பாதி என் வேட்டியில். தின்ற இடத்திலேயே படுத்துத் தூங்கிப்போனேன். அம்மா போனதிலிருந்து அப்படித் தூங்கியதில்லை. நான் விழிக்கும்வரை பக்கத்தில் உட்கார்ந்து விசிறியதாக அண்ணன் சொன்னான்.

நம்பினேன்.